டிஷ்ல வளரவே மாட்டேன்னு அடம்பிடிச்ச வைரஸ்

லிவர தாக்குற வைரஸ் நோயான ஹெபடைடிஸ் சி-க்கு இப்போ பெரும்பாலும் 12 வாரம் மாத்திரை போட்டா போதும், நூத்துக்கு 95 பேருக்கு குணமாகிடுது. இந்த மாத்திரைங்க வர்றதுக்கு முன்னாடி லேப்ல நடந்த ஒரு வேலைய பத்தி யாருமே பெருசா பேசுறதில்ல, எனக்கு அது ரொம்ப நாளா மனசுல கெடக்கு.

1989-ல கைரான் கம்பெனில மைக்கேல் ஹாட்டன், க்வி-லிம் சூ, ஜார்ஜ் குவோ மூணு பேரும், அமெரிக்க அரசோட நோய்த்தடுப்பு மையமான சிடிசில இருந்த டேனியல் பிராட்லியும் சேர்ந்து இந்த வைரஸ கண்டுபிடிச்சாங்க. வைரஸ கண்ணால பாக்காமலேயே! நோய் வந்த சிம்பன்சியோட ரத்தத்துலேர்ந்து ஜீன் துண்டுகள எடுத்து பாக்டீரியாவுக்குள்ள விட்டு, எந்த துண்டு செய்யுற புரதத்த நோயாளியோட ஆன்டிபாடி போய் புடிக்குதுன்னு லட்சக்கணக்குல சலிச்சு பாத்ததுல ஒண்ணே ஒண்ணு மாட்டுச்சு. ரத்தம் ஏத்துறதுக்கு முன்னாடி பண்ற டெஸ்ட் அதுலேர்ந்துதான் வந்துச்சு.

ஆனா மருந்துக்கு அது பத்தல. ஒரு மருந்து வேலை செய்யுதான்னு பாக்கணும்னா வைரஸ் டிஷ்ல, அதாவது லேப்ல செல் வளக்குற தட்டுல வளரணும், இது வளரவே இல்ல. 90கள் நடுவுலதான் வைரஸோட ஜீனோம், அதாவது மொத்த ஜீன் தொகுப்போட கடைசில ஒரு சின்ன வால் விட்டுப்போயிருக்குன்னே தெரிஞ்சுது. 1997-ல சார்லஸ் ரைஸ் குழு அந்த வாலையும் சேர்த்து முழு ஆர்என்ஏவ (இந்த வைரஸோட ஜீன் எல்லாம் இந்த மூலக்கூறுலதான் இருக்கு) சிம்பன்சி லிவர்லயே நேரா ஊசி போட்டு நோய் வர்றத காட்டிட்டாங்க, அப்பவும் டிஷ்ல ஒண்ணும் நடக்கல.

ஜெர்மனில மைன்ஸ் ஊர்ல ரால்ஃப் பார்டன்ஷ்லாகர், ஃபோல்கர் லோமன் ரெண்டு பேரும் வேற மாதிரி யோசிச்சாங்க. வைரஸோட வெளி உறைய செய்யுற ஜீன்கள தூக்கிட்டு, அந்த எடத்துல ஜி418-ங்கிற மருந்த தாங்குற ஜீன் ஒண்ண வெச்சாங்க. அத ஹூ-7-ங்கிற லிவர் கேன்சர் செல்லுக்குள்ள விட்டு, மேல ஜி418-ஐ ஊத்தினா சாதா செல் எல்லாம் செத்துடும், எந்த செல்லுக்குள்ள வைரஸ் ஆர்என்ஏ தன்னைத்தானே நகல் எடுத்துக்கிட்டே இருக்கோ அது மட்டும் பொழைக்கும். ப்ளேட் பூரா செத்துப்போய் அங்கங்க சொற்பமா சில புள்ளிங்க மட்டும் நின்னுச்சு, அந்த புள்ளிங்க பொழைச்ச செல் கூட்டங்க, அதுக்குள்ள தானா நகல் எடுத்துக்கிட்டிருந்த ஆர்என்ஏவுக்குதான் ரெப்ளிகான்னு பேரு. 1999-ல பேப்பர் வந்துச்சு. அத பாத்த அன்னிக்கு அந்த லேப்ல இருந்தவங்களுக்கு எப்படி இருந்திருக்கும்!

அதுக்கப்புறம் கம்பெனிங்க கையில இருந்த ரசாயனத்த எல்லாம் இந்த செல் மேல போட்டு பாக்க முடிஞ்சுது. டக்ளடாஸ்விர்ங்கிற ஹெபடைடிஸ் சி மருந்து அப்படித்தான் கெடச்சுது. அது தாக்குற, வைரஸோட என்எஸ்5ஏ புரதம் என்சைமே (வேதிவினைய நடத்துற புரதம்) கிடையாது, அது மேல மருந்து வேலை செய்யும்னு முன்கூட்டி கணக்கு போட்டு போயிருக்கவே முடியாது. சோஃபோஸ்புவிர்ங்கிற இன்னொரு மருந்து 2013-ல வந்துச்சு, அமெரிக்கால ஒரு மாத்திரை 1000 டாலர்னு வித்தாங்க, அந்த விலைய இன்னிக்கும் என்னால ஏத்துக்க முடியல. இந்தியால ஜெனரிக் வந்து, 2018-லேர்ந்து தேசிய திட்டத்துல இலவசமாவே கெடைக்குது.

2020 மருத்துவ நோபல், ரத்தம் ஏத்துனா வர்ற இந்த நோய முன்னாடியே ஆராய்ஞ்ச ஹார்வி ஆல்டர், அப்புறம் ஹாட்டன், ரைஸ் மூணு பேருக்கு போச்சு, தகுதியானவங்கதான். பார்டன்ஷ்லாகருக்கு 2016-லயே லாஸ்கர்ங்கிற பெரிய மருத்துவ விருது குடுத்தாங்க, லோமன் பேர் அந்த ரெண்டு லிஸ்ட்லயும் இல்ல. சூ, குவோ பேர சேர்க்கலன்னு 2013-ல ஹாட்டன் கனடாவோட கெய்ர்ட்னர் மருத்துவ விருதையே வேண்டாம்னுட்டார், அந்த மனுஷன் மேல எனக்கு அவ்ளோ மரியாதை. தடுப்பூசி மட்டும் இன்னும் வரல, 2021-ல முடிவு வெளியான ட்ரயல்ல அந்த ஊசியால நாள்பட்ட தொற்ற தடுக்க முடியல.