இருட்டை எண்ணும் அவரை

நம்ம பள்ளிக்கூட மலருக்கு எழுதச் சொன்னதும் எனக்கு நம்ம தாவரவியல் சார்தான் ஞாபகம் வந்தார். ஆடியில் ஊன்றின அவரை மார்கழி, தையில்தான் காய்க்கும் என்பது கோபிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அப்பத்தா சொல்லியே தெரியும், ஏன் என்று சொன்னவர் அவர்.

பள்ளிக்கூட வாட்ச்மேன் கொட்டாய் மேல் ஒரு அவரைக்கொடி படர்ந்திருக்குமே, ராத்திரி முழுக்க எரியும் குண்டு பல்பை ஒட்டின பக்கம் கையகல இலையாகக் கரும்பச்சையில் தழைத்து நிற்கும், ஒரு மொட்டு இருக்காது, பின்பக்கம் இருட்டில் ஊதாப் பூவும் பிஞ்சும் சரம் சரமாகத் தொங்கும். எங்களை அங்கேயே நிறுத்தி, "பகலை இல்ல கண்ணு, அது இருட்டைத்தான் எண்ணுது" என்றார்.

அப்புறம்தான் பாடம். பகல் நீளத்துக்கும் பூவுக்கும் உள்ள தொடர்பை 1920-ல் அமெரிக்காவில் கார்னரும் அல்லார்டும் புகையிலையையும் சோயாவையும் வைத்து எழுதினார்கள். 1938-ல் ஹாம்னரும் பானரும், இரவு நீண்டால் பூக்கும் மருளூமத்தைச் செடிக்கு நீண்ட இரவின் நடுவில் கொஞ்ச நேரம் விளக்கைப் போட்டார்கள், பூ வரவில்லை. வெளிச்சத்தை உணர்வது இலையில் இருக்கும் பைட்டோகுரோம் என்கிற நிறமி, சேதி அங்கிருந்து நுனிக்குப் போய்த்தான் மொட்டு வைக்கும்.

இதில் நம்ம ஊருக்கு ஒரு பெருமை உண்டு. வடக்கே கரும்பு பூத்து விதை பிடிப்பது அபூர்வம். கோயம்புத்தூர் இருப்பது வட அட்சரேகை 11 பாகையில், பகல் ஏறினால் பன்னிரண்டே முக்கால் மணி, இறங்கினால் பதினொன்றரை, அந்த மெதுவான இறக்கம் கரும்புக்குத் தோதுப்பட்டது. 1912-ல் கரும்பு இனப்பெருக்க நிலையத்தை அங்கே வைத்ததற்கு இந்தப் பூவே காரணம். பூத்த கரும்பு உள்ளே சக்கையாகிவிடும், தோட்டத்துக்காரருக்கு நட்டம், ஆனால் புது ரகம் கட்டுகிறவர்களுக்கு அதுதான் முதல். கோ 205 என்ற கரும்பு ரகம் அப்படிப் பிறந்ததுதான்.

இங்கே லண்டனில் ஜூன் பகல் பதினாறரை மணி நேரம். நம்ம ஆட்கள் கடையில் வாங்கின மொச்சையை, அதுவும் அவரை இனம்தான், ஊன்றிவிட்டு, கொடி மட்டும் கொழுகொழுவென்று ஏறுதே என்று வருடா வருடம் கேட்கிறார்கள். செப்டம்பர் கடைசியில்தான் மொட்டு வைக்கும், காய் திரள்வதற்குள் உறைபனி வந்துவிடும். உரத்தைக் கூட்டிப் பயனில்லை. தொட்டியில் வளர்த்து, ஜூலையிலிருந்து சாயங்காலம் ஆறுக்கு வெளிச்சம் புகாத கறுப்புத் துணியால் மூடி, காலை எட்டுக்கு எடுங்கள், மொட்டு வரும்வரை ஒரு நாள்கூட விடாமல். நடுராத்திரி டார்ச் அடித்துப் பார்க்க மட்டும் வேண்டாம்.