45 நாளென்றால் 45 நாள்

வேலைத் தொடர்புகளுக்கான லிங்க்ட்இன் இணையதளத்தில், ஒரே இரவில் 14 பேரிடம் என்னைப் பற்றிப் பரிந்துரை கேட்டேன். இரண்டே பேர் பதில் போட்டார்கள். அதில் ஒருவர், "இதை நீங்கள்தான் அனுப்பினீர்களா, இல்லை உங்கள் கணக்கை யாராவது திருடிவிட்டார்களா?" என்று விசாரித்திருந்தார்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில், வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையின் கொள்முதல் பிரிவில் 23 ஆண்டுகள் இருந்தவன் நான். 2023இல் எங்கள் உற்பத்தியை வேறு மாநிலத்துக்கு மாற்றினார்கள். நாற்பத்தொன்பது வயதில் வேலை தேடக் கிளம்பினேன். அதுவரை லிங்க்ட்இன்னில் எனக்கு இருந்தது ஒரு பெயரும், பாஸ்போர்ட் அளவுப் படமும்தான். கல்லூரியில் படிக்கும் மகள் அதைத் திறந்து பார்த்துவிட்டு, "என்னப்பா, பரிந்துரைப் பகுதி ஆளில்லாத பந்தி மாதிரி இருக்கிறது?" என்றாள்.

அந்தப் பகுதியை நிரப்பும் வழி எளிது. நம் தொடர்பில் இருக்கும் ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவர் நமக்கு மேலாளராக இருந்தாரா, கூட வேலை பார்த்தாரா, வாடிக்கையாளரா, அப்போது நாம் எந்தப் பதவியில் இருந்தோம் என்று கேட்கும். பரிந்துரை எழுதித் தர முடியுமா என்று ஒரு வரியை அதுவே தயாராக வைத்திருக்கும். அந்த வரியை ஓர் எழுத்துகூட மாற்றாமல் 14 பேருக்கும் தட்டிவிட்டேன். என் மேசைக்கு யாராவது இப்படி ஒரு விசாரணை அனுப்பியிருந்தால், வரைபடம் இல்லாமல், எண்ணிக்கை இல்லாமல், என்ன உலோகம் என்றுகூடச் சொல்லாமல் "விலை தெரிவிக்கவும்" என்று மட்டும் கேட்டிருந்தால், அந்தத் தாளின் பின்புறத்தில் கணக்குப் போட்டுப் பார்க்க மட்டும் வைத்துக்கொண்டிருப்பேன்.

மறுபடியும் ஆரம்பித்தேன். இந்த முறை ஐந்து பேர் போதும் என்று முடிவு செய்து, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதினேன். ஓய்வுபெற்ற என் பழைய மேலாளருக்கு எழுதியது இது: "ஐயா, 2015 டிசம்பர் வெள்ளத்தில் ஓசூரிலிருந்து வந்த பேரிங் லாரி பூந்தமல்லிக்கு அப்பால் வர முடியாமல் நின்றதும், இரண்டு டிராக்டர்களைப் பிடித்துச் சரக்கை மாற்றி ஏற்றியதும் நினைவிருக்கும். அதைப் பற்றி நான்கு வரி எழுதினால் போதும்." மறுநாள் காலையிலேயே ஆறு வரி வந்துவிட்டது. அதில் டிராக்டர் இருந்தது; பெட்டிகள் நனையாமலிருக்க, டீக்கடைக்காரரின் தார்ப்பாயை நான் வாடகைக்கு வாங்கியது இருந்தது. தார்ப்பாயை நானே மறந்துவிட்டிருந்தேன்.

மற்ற நால்வரில் ஒருவர் தட்டிக்கழித்தார். மூவர் நம் ஊர் வழக்கப்படி, "நீங்களே எழுதி அனுப்பிவிடுங்கள் சார், நான் போட்டுவிடுகிறேன்" என்றார்கள். இதில் எனக்குக் கூச்சம் எதுவும் வரவில்லை. பணி அனுபவச் சான்றிதழுக்கே நாம்தான் வாசகம் தட்டச்சு செய்து எடுத்துப்போய், அதிகாரியிடம் கையெழுத்து வாங்குவோம். அந்தப் பழக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து மூன்றையும் எழுதி முடித்தேன். ஒருவர் தரக்கட்டுப்பாடு, ஒருவர் உற்பத்தி, ஒருவர் கணக்குப் பிரிவு என்று கவனமாகப் பிரித்துத்தான் எழுதினேன். அவர்களும் சொன்னபடி அப்படியே போட்டார்கள்.

ஒரகடம் பக்கம் ஒரு நேர்முகத் தேர்வு. மனிதவளப் பிரிவிலிருந்து வந்திருந்த பெண்ணுக்கு என் மகளைவிடப் பத்து வயது கூட இருக்கலாம். என் பக்கத்தைக் கணினியில் திறந்து வைத்துக்கொண்டு, "உங்கள் நிறுவனத்தில் எல்லோரும் ஒரே பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படித்தவர்களா சார்?" என்று கேட்டார். முதலில் எனக்குப் புரியவில்லை. திரையைத் திருப்பிக் காட்டினார். மூன்று பேரும் என்னைப் பற்றி 'அட்மோஸ்ட் சின்சியாரிட்டி' என்று எழுதியிருந்தார்கள். மூன்றும் ஒரே வாரத்தில் வந்திருந்தன. பரிந்துரைக்குக் கீழே தேதி தெரியும் என்பதை நான் யோசிக்கவில்லை.

அந்தப் பெண் மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை. டிராக்டர் கதையைப் பற்றி மட்டும் இரண்டு கேள்வி கேட்டார். அந்த வேலை கிடைக்கவில்லை. காரணம் அதுதானா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அன்று மாலையே மூன்றையும் பக்கத்திலிருந்து மறைத்துவிட்டேன். நாமே எழுதியதை நாமே மறைப்பதற்கும் அங்கே வசதி இருக்கிறது.

இதற்கிடையில் வேறொரு வகைப் பரிந்துரைகள் கேட்காமலேயே வந்து விழ ஆரம்பித்தன. எட்டு ஆண்டுகளாகப் பேசாத ஒருவர் என்னைப் புகழ்ந்து மூன்று வரி எழுதுவார். பத்தாவது நிமிடம், "உங்கள் பங்குக்கு நீங்களும் எனக்கு ஒன்று" என்று குறுஞ்செய்தி வரும். மதுரைப் பக்கத்துக்காரனான எனக்கு இதில் விளங்காதது ஒன்றுமில்லை. மொய் நோட்டில் யார் எவ்வளவு எழுதினார்கள் என்று பார்த்து, அதற்குக் குறையாமல் திருப்பிச் செய்கிற ஊரில் பிறந்தவன். ஆனால் மொய் நோட்டு வீட்டு அலமாரியில் இருக்கும். இங்கே நான் வாங்கியதும் கொடுத்ததும் பக்கத்துப் பக்கத்துத் தலைப்பில், தேதியோடு, ஊரே பார்க்கும்படி இருக்கிறது. செவ்வாய்க்கிழமை அவர் என்னை மெச்சினார், புதன்கிழமை நான் அவரை மெச்சினேன் என்று தெரிந்த பிறகு யார் அதைப் படிப்பார்கள்? திறன்களுக்கு ஒரே சொடுக்கில் ஒப்புதல் கொடுக்கும் வசதி 2012இல் வந்தது. அது இதையும் மிஞ்சிவிட்டது. வங்கியில் வேலை பார்க்கும் என் சித்தப்பா மகன், வார்ப்படத் தொழிலில் நான் கைதேர்ந்தவன் என்று உறுதியளித்திருக்கிறான். அவன் வார்ப்படம் என்று பார்த்தது இட்லிக் குண்டானாகத்தான் இருக்கும்.

2003 மே மாதம் இந்தத் தளம் வெளிவந்தபோது, நான் கார்பன் தாள் வைத்துக் கொள்முதல் ஆணை எழுதிக்கொண்டிருந்தேன். 2016இல் மைக்ரோசாஃப்ட் இதை 2,620 கோடி டாலருக்கு வாங்கியது. எந்த விலையைக் கேட்டாலும் சரக்கு என்ன என்று பார்ப்பது கொள்முதல்காரனின் புத்தி. இங்கே சரக்கு, யாருக்கு யாரைத் தெரியும் என்பதுதான். அதற்கு இந்த விலை கூடுதலா குறைவா என்று என் அனுபவத்தை வைத்து என்னால் சொல்ல முடியவில்லை.

எழுதிக் கொடுப்பதும் வாங்குவதைப் போலவே கடினம் என்று ஓர் இளைஞன் எனக்குக் காட்டினான். என்னிடம் இரண்டு ஆண்டு வேலை பார்த்தவன். எனக்கு முன்பே வெளியேறி வேறிடம் தேடிக்கொண்டிருந்தான். கேட்டவுடன் ஒப்புக்கொண்டேன். மனதார எழுதினேன். அதில் ஒரு வரி: "தவறு செய்தால் அன்று மாலைக்குள் தானே வந்து சொல்லிவிடுவான்." கொள்முதலில் இதைவிடப் பெரிய பாராட்டு எனக்குத் தெரியாது. ஆயிரத்துக்குப் பதில் பத்தாயிரம் என்று ஆர்டர் போய்விட்டால், அன்றைக்கே தெரிந்தால் ஒரு தொலைபேசி அழைப்பில் முடியும். ஒரு வாரம் கழித்துத் தெரிந்தால் சரக்கு வாசலில் வந்து நிற்கும்.

பரிந்துரையைப் பெறுபவர் ஏற்றுக்கொண்டால்தான் அது அவர் பக்கத்தில் வரும். திருத்தம் வேண்டும் என்று திருப்பியும் அனுப்பலாம். அவன் திருப்பி அனுப்பினான். "சார், தவறு செய்வேன் என்று போட்டிருக்கிறீர்களே, அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துவிட முடியுமா?" விளக்கிப் பார்த்தேன். "எனக்குப் புரிகிறது சார், படிக்கிறவர்களுக்குப் புரியுமா?" என்றான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. எடுத்துவிட்டேன். மிச்சம் இருந்த வரிகள் யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும். ஏதோ என்னிடம் வேலை பார்த்தவன் என்பதற்குச் சாட்சி, அவ்வளவுதான்.

உண்மையில் என்னைப் பற்றிச் சொல்லத் தெரிந்தவர்கள் எங்களுக்குச் சரக்குக் கொடுத்த சிறு பட்டறைக்காரர்கள். வேலையில் இருந்தபோது அவர்களில் சிலர் தாங்களாகவே எழுத முன்வந்தார்கள். வேண்டாம் என்றுவிட்டேன். ஆர்டர் போடும் கையைப் பற்றி ஆர்டர் வாங்குகிறவர் என்ன எழுதினாலும் அதற்கு மதிப்பு கிடையாது. வேலை போன பிறகு அந்தத் தடை இல்லை. ஆனால் நான் நினைத்த மனிதருக்கு லிங்க்ட்இன்னில் கணக்கே இல்லை.

நான்கு லேத் வைத்திருப்பவர். எங்களுக்குப் புஷ், அதாவது தண்டு நுழையும் சிறு உலோகக் குழல், செய்து கொடுத்தார். ஒருமுறை 1,200 புஷ் வந்தன. உள்விட்டம் 0.04 மில்லிமீட்டர் கூடுதல். துளையைச் சோதிக்கும் கேஜின் 'நோ கோ' முனை நுழையவே கூடாது. எடுத்துப் பார்த்ததில் பாதிக்கு மேல் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. மொத்தத்தையும் திருப்பி அனுப்பினேன். ஒரு மாதம் அவர் என்னோடு பேசவில்லை. அதே மாதத்தில் அவருடைய பழைய பில் ஒன்று கணக்குப் பிரிவில் தூங்கிக்கொண்டிருந்தது. சிறு நிறுவனங்களுக்கு அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும் என்பது 2006ஆம் ஆண்டுச் சட்டம். சட்டத்தைச் சொன்னால் கணக்குப் பிரிவில் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். கோப்போடு போய் எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் எழுந்திருப்பார்கள். உட்கார்ந்தேன்.

பரிந்துரை பற்றிச் சொன்னதும் அவர் சிரித்துவிட்டார். "நான் எழுதித் தருவதற்கு என்ன கெசட்டட் அதிகாரியா சார்? என்னிடம் பச்சை மைகூடக் கிடையாது. யாராவது கேட்டால் என் நம்பரைக் கொடுங்கள்."

திருப்பெரும்புதூர் பக்கம் இன்னொரு நேர்முகம். கொள்முதல் தலைவரே நேரில் உட்கார்ந்திருந்தார். டிராக்டர் கதையைப் படித்திருந்தார். "மேலதிகாரி சொல்வது சரி. சரக்குக் கொடுத்தவர்கள் யாரும் எழுதவில்லையே?" என்றார். "எழுத மாட்டார், பேசுவார்" என்று நம்பரைக் கொடுத்தேன். அப்போதே, என் முன்னாலேயே, ஸ்பீக்கரில் போட்டு அழைத்தார். பின்னணியில் லேத் இரைச்சல்.

"சாரா? சரக்குச் சரியில்லை என்றால் திருப்பி அனுப்பிவிடுவார். பணத்தை நிறுத்த மாட்டார். 45 நாளென்றால் 45 நாள்."

"வேறு ஏதாவது?"

"ஒரு தீபாவளிக்கு ஸ்வீட் பெட்டி கொண்டுபோய்க் கொடுத்தேன். வாசலில் இருந்த செக்யூரிட்டிகளுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டார். எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். நெய் இனிப்பு."

கொள்முதல் தலைவர் நன்றி சொல்லி வைத்துவிட்டு, சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்டார்.

வேலையில் சேர்ந்த மூன்றாம் நாள் பட்டறைக்காரரின் அழைப்பு வந்தது. வாழ்த்துச் சொன்னார். மகள் படிப்பை விசாரித்தார். பிறகு, "அங்கே புஷ் ஏதும் வாங்குகிறார்களா சார்? அங்கேயும் 45 நாள்தானே?" என்றார்.

"கொட்டேஷன் அனுப்புங்கள் அண்ணே" என்றேன். "ஒப்பிட்டுப் பார்க்கும் மூன்று கொட்டேஷனில் ஒன்றாக வைக்கிறேன்."