கூச்சலும் கேப்டன் பட்டையும்

2022 பிப்ரவரி 7 அன்று, இங்கிலாந்தின் வெஸ்ட் ஹாம் கால்பந்து கிளப்பின் தடுப்பு ஆட்டக்காரர் கர்ட் ஸூமா தன் வீட்டுப் பூனையை உதைக்கும் வீடியோ வெளியானது. மறுநாளே வாட்ஃபோர்டுக்கு எதிராக வெஸ்ட் ஹாம் மேலாளர் மோயஸ் அவரை இறக்கினார். பந்து காலுக்கு வரும்போதெல்லாம் கூச்சல். எதிரணி மட்டுமல்ல, சொந்த ரசிகர்களும் சேர்ந்துதான் கத்தினார்கள். ஆட்டம் 1-0 என வெஸ்ட் ஹாமுக்கே.

கிளப் இரண்டு வாரச் சம்பளத்தை அபராதமாகப் பிடித்தது. கிளப்பால் போட முடிந்த உச்சபட்ச அபராதம் அதுதான். பணம் விலங்கு நலத்துக்குப் போனது. ஸூமாவுடன் ஒப்பந்தம் வைத்திருந்த அடிடாஸ் நிறுவனம் கைகழுவியது. ஜூனில் நீதிமன்றம் 180 மணி நேரச் சமூகப் பணி விதித்தது, 5 ஆண்டுகள் பூனை வளர்க்கவும் தடை.

2023-ல் அதே ஸூமா கேப்டன்! தடுப்பில் உறுதியாக நின்றால் சொந்த ரசிகர் மெல்ல மறந்துவிடுகிறார். மன்னிப்பது சரி. ஆனால் கேப்டன் பட்டை வேறு விஷயம். அதைக் கொடுத்தது தவறு என்பதே என் எண்ணம்.