திவோலியில் தண்ணீர் வாசிக்கும் ஆர்கன்

ரோமிலிருந்து கிழக்கே சுமார் 30 கி.மீ. தூரத்தில் இருக்கிறது திவோலி. ரயிலிலும் போகலாம், பொன்டே மம்மோலோ மெட்ரோ நிலையத்திலிருந்து பஸ்ஸும் உண்டு. அங்கே உள்ள வில்லா தெஸ்தே மாளிகைத் தோட்டத்துக்கு வருகிற பலர் நீரூற்றுகளைப் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். நீங்கள் காலை 10:30-க்குள் ஆர்கன் நீரூற்றின் முன்னால் போய் நில்லுங்கள். நடுவே உள்ள சின்ன மண்டபத்திலிருந்து நாலு நிமிடம் போல இசை வரும். தவறவிட்டால் அடுத்தது இரண்டு மணி நேரம் கழித்துத்தான்.

ஆர்கன் என்பது குழல்களுக்குள் காற்றைச் செலுத்தி வாசிக்கும் இசைக்கருவி. இதில் காற்றடிப்பதும் தண்ணீர், வாசிப்பதும் தண்ணீர். பிரான்சைச் சேர்ந்த லூக் லெக்லெர்க்கும் அவருக்குப் பின் க்ளோத் வெனாரும் 1566-லிருந்து 1571 வரை செய்த வேலை இது. 1572-ல் கேட்ட போப் 13-ஆம் கிரகரி, உள்ளே யாரோ ஒளிந்திருந்து வாசிக்கிறார்கள் என்றே நினைத்தாராம். பிறகு நெடுங்காலம் ஊமையாகக் கிடந்து, 2003-ல் சீரமைத்த பிறகுதான் மறுபடி பாடுகிறது.

மேலிருந்து விழும் நீர் தன்னோடு காற்றுக் குமிழ்களையும் இழுத்துக்கொண்டு ஒரு மூடிய அறைக்குள் இறங்கும். அங்கே வேகம் அடங்கியதும் காற்று மேலே பிரிந்து குழல்களுக்குப் போகும். கீழே தங்கிய நீர் வெளியேறும். நீரின் விசையில் சுற்றும் சக்கரம், முட்கள் அடித்த உருளையைத் திருப்பும். எந்த முள் எந்தக் கட்டையைத் தட்டுகிறதோ அந்தக் குழல் திறக்கும். கண்ணில் படாத அந்த அறைதான் கருவியின் உயிர் என்பேன். காற்றும் நீரும் ஒழுங்காகப் பிரியாவிட்டால் சக்கரமும் உருளையும் இருந்தும் பயனில்லை.

வீட்டில் ஒரே ஊதல் வைத்து இதைச் செய்து பார்க்கலாம். மேலே ஒரு வாளி. அதன் அடியிலிருந்து முக்கால் இன்ச் பிவிசி பைப், 2 மீட்டர் நேர் இறக்கம். வாளிக்கு 10 செ.மீ. கீழே, பைப்பைச் சுற்றி 3 மி.மீ. துளை நாலு போடுங்கள். காற்று உள்ளே போவது அந்த வழியாகத்தான். பைப்பின் கீழ்முனை, இறுக்கமான மூடியுள்ள 20 லிட்டர் டப்பாவுக்குள் ஒரு தட்டைக் கல்லின் மேல் கொட்ட வேண்டும். கல்லில் மோதினால்தான் குமிழ்கள் சிதறிப் பிரியும். டப்பாவின் அடிப்பக்கத்திலிருந்து 2 இன்ச் பைப்பை எல்போ போட்டு மேல்நோக்கித் திருப்பி, அந்த வெளிவாய் உள்ளே நிற்கும் நீர்மட்டத்தைவிட 6 செ.மீ. உயரத்தில் வழியும்படி விடுங்கள். அந்த 6 செ.மீ.தான் கிட்டத்தட்ட உங்கள் காற்றழுத்தம். மூடியிலிருந்து ஒரு டியூப் ஊதலுக்குப் போகும். நிமிடத்துக்கு 30 லிட்டராவது வரத்து வேண்டும். வாளி வற்றினால் சத்தம் உடனே செத்துவிடும்.

தொல்லை வருவது பெரும்பாலும் மட்டத்தில். ஊதல் குடிப்பதைவிடக் காற்று அதிகம் வந்தால் உள்ளே மட்டம் இறங்கும், அழுத்தம் ஏறும், சுருதியும் ஏறி ஒரு கட்டத்தில் கீச்சிடும். அப்புறம் வெளிவாய் வழியே குபுகுபுவென்று காற்று பீறிடும். காற்று போதாவிட்டால் மட்டம் ஏறி, மூடி வரை நீர் வந்து ஊதலை நனைத்துவிடும். முதல் கோளாறுக்கு, காற்று டியூபில் ஒரு ‘டி’ இணைப்பு போட்டு, அதில் சின்ன வால்வு வைத்து மிச்சக் காற்றைக் கசியவிட்டால் போதும். இரண்டாவதற்கு ஊதலைச் சிறிதாக்குங்கள். உயரமான டப்பாவைவிட அகலமானது நல்லது. மட்டம் மெதுவாகத்தான் மாறும். டியூபை மேலே ஏற்றி இறக்கினால் நீர்த்துளிகள் ஊதல் வரை போகாமல் பாதியிலேயே தங்கிவிடும்.

பெரிய கருவியில் இன்னொரு சிக்கல் தாளம். வரத்து குறைந்தால் சக்கரம் மந்தமாகும், பாட்டு இழுக்கும். அதனால் மேல்தொட்டியை எப்போதும் வழியும் நிலையில் வைத்து, மட்டம் மாறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். குளிரும் சுருதியைத் தொடும்: 10 டிகிரி இறங்கினால் குழல்கள் எல்லாமே சேர்ந்து ஏறக்குறைய அரைச்சுரத்தில் மூன்றில் ஒரு பங்கு தாழும்.

திவோலிக்கே உரிய எதிரி சுண்ணாம்பு. தோட்டத்துக்கு வரும் அனியேனே ஆற்று நீர் போகிற வழியெல்லாம் அதைப் படியவிடுகிறது. இசை முடிந்து மூன்று மீன்குளங்கள் இருக்கும் பக்கம் இறங்கும்போது நீரூற்றுகளின் கல் விளிம்புகளைக் கிட்டே போய்ப் பாருங்கள். பாசிக்கு அடியில் செதில் செதிலாக, சாம்பல் நிறத்தில் ஏறியிருக்கும். குறுகிய நீர்வழிகளை அடைப்பதும் இதே படிவுதான்.