ஆறாவது வாக்குறுதிதான் சிக்கல்

அமெரிக்காவில் 1990-ல் அமெரிக்கன் ஃபுட்பால் பயிற்சியாளர் பில் மெக்கார்ட்னி தொடங்கிய கிறிஸ்தவ ஆண்கள் இயக்கம் பிராமிஸ் கீப்பர்ஸ். அதன் ஏழு வாக்குறுதிகளில் ஒழுக்கம், குடும்பம் பற்றியவற்றோடு எந்த பாப்டிஸ்டுக்கும் சண்டையில்லை. ஆறாவதுதான் உறுத்தல்: இன, சபைப்பிரிவுத் தடைகளைத் தாண்ட வேண்டுமாம். இனத்தடை ஒழியட்டும், நல்லதே. ஆனால் சுயாதீன பாப்டிஸ்டுகளுக்கு (எந்தச் சபைக் கூட்டமைப்பிலும் சேராதவர்கள்) விசுவாசித்தவர்களுக்கு மட்டும் தண்ணீரில் முழுக்கித் தரும் ஞானஸ்நானம் தாண்டிப்போகும் தடையல்ல, உபதேசம். கத்தோலிக்கரோடும் பெந்தெகொஸ்தேயினரோடும் ஒரே மேடை என்றால் உபதேசத்துக்கு விரோதமாகப் பிரிவினை உண்டாக்குவோரை விட்டு விலகச் சொல்லும் ரோமர் 16:17-ஐக் காட்டி விலகிவிடுவார்கள். இன்னொன்று, ஒருவனைக் கண்டித்துத் திருத்தும் பொறுப்பு அவன் உள்ளூர் சபைக்கே உரியது. பிராமிஸ் கீப்பர்ஸ் போன்ற வெளிக்குழு அதை எடுத்தால் போதகருக்கு என்ன வேலை? (அமெரிக்காவின் பெரிய பாப்டிஸ்ட் கூட்டமைப்பான சதர்ன் பாப்டிஸ்டுகள் பலர் இதையெல்லாம் பொருட்படுத்தாமல் இயக்கத்தின் ஸ்டேடியக் கூட்டங்களுக்குப் போனார்கள்.)