புள்ளி வைத்த நோட்டு

எங்கள் பெரியப்பா மந்திரம் சொல்லித் திருநீறு போட்டுவிடுவார். பயந்து அழும் குழந்தைக்கும் சுளுக்குக்கும் இன்னும் ஆள் வருகிறது. (பாம்புக்கடி என்றால் அவரே ஆஸ்பத்திரிக்கு விரட்டிவிடுவார்.) அந்த மந்திரங்கள் உள்ள ஓர் ஓலைக்கட்டும், தாத்தா பால்பாயிண்ட் பேனாவில் எழுதிய பள்ளிக்கூட நோட்டு ஒன்றும் அவரிடம் இருக்கின்றன. இவற்றைக் கணினியில் ஏற்றி வைக்கப் போகிறேன் என்றதும் எல்லாரும் ஓலையை ஸ்கேன் பண்ணச் சொன்னார்கள். நான் நோட்டைத்தான் முதலில் எடுத்தேன்.

ஓலையில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இல்லை. எகர ஏகார வேறுபாடு கிடையாது, ரகரமும் காலும் ஒரே மாதிரி இருக்கும், சொற்களுக்கு நடுவே இடைவெளியும் விடமாட்டார்கள். பாட்டோ வைத்தியக் குறிப்போ என்றால் பொருளை வைத்துப் படித்துவிடலாம். மந்திரத்தில் எதை வைத்துப் படிப்பது? ‘றீஙஅஙஉங’ என்று ஓலையில் ஓடுவது ‘றீங் அங் உங்’ என்று தாத்தாவின் நோட்டைப் பார்த்த பிறகுதான் உறுதியானது.

பொருள் பிடிபடாத மந்திரம் தமிழுக்கு மட்டும் உள்ள சங்கதி இல்லை. வடக்கே சாபர் மந்திரங்கள் என்று மக்கள் மொழியில் ஏராளம். காமாக்யா தேவியையும் இஸ்மாயில் ஜோகியையும் ஒரே மூச்சில் கூப்பிடுபவை அவை. எழுத்துகள் பொருந்தாது, பொருளும் இராது, ஆனாலும் மகேசன் மகிமையால் பலிக்கும் என்று துளசிதாசரே தன் ராமாயணமான ராமசரிதமானஸில் சொல்கிறார். பொருளே இல்லாததில் ஓர் எழுத்து மாறினால் யாருக்கும் தெரியாது.

மத்திய அரசு 2003இல் தொடங்கிய தேசியச் சுவடிகள் இயக்கத்தின் கணக்கில், கையெழுத்துப் படிக்குக் குறைந்தது 75 வயதாக வேண்டும். தாத்தாவின் நோட்டுக்கு அவ்வளவு ஆகவில்லை. ஓலைக்கு என்றாவது ஆள் வருவார்கள், நோட்டு பழைய பேப்பர்காரரிடம்தான் போகும். எத்தனை வீட்டில் போயிருக்குமோ!

அப்புறம் குரல். எங்கே மூச்சு விடுவது, எங்கே ஊதுவது என்று நோட்டிலும் இல்லை. பெரியப்பாவைப் போனில் பதிவு செய்து, பேச்சை எழுத்தாக்கும் செயலியில் போட்டுப் பார்த்தேன். ‘நசி மசி’ அங்கே ‘நாசி மாசி’ ஆகியிருந்தது. அதனால் எழுத்து வடிவத்தை நானே தட்டச்சு செய்கிறேன், ஒலிக்கோப்பும் நோட்டுப் பக்கத்தின் படமும் ஒரே எண்ணில்.

நெட்டில் போடப் பெரியப்பா சம்மதிக்கவில்லை. “கேட்டு வர்றவனுக்குக் குடு, கண்டவன் காதுல விழ வேண்டாம்” என்கிறார். சரி என்று இரண்டு ஹார்டு டிஸ்கில் ஏற்றி, ஒன்றைத் தங்கை வீட்டில் கொடுத்து வைத்திருக்கிறேன்.