ஒற்றைக் கை செனட்டரும் என் வைவாவும்

எம்.ஏ. வரலாறு கடைசி செமஸ்டரில் ப்ராஜெக்ட் உண்டு. தலைப்பை நாமே எடுக்கலாம். வகுப்பில் பாதிப் பேர் பக்கத்துக் கோயில், பக்கத்துக் கோட்டை என்று போனார்கள். நான் அமெரிக்க வரலாற்றுத் தாளில் இரண்டே வரியில் வந்துபோன ஒரு பெயரைப் பிடித்துக்கொண்டேன்: டேனியல் இனோயே. இரண்டாம் உலகப் போரில் வலது கையை இழந்தவர். அப்புறம் ஹவாய் மாநிலத்தின் செனட்டராக (அமெரிக்க நாடாளுமன்ற மேலவை உறுப்பினராக) ஐம்பது ஆண்டுக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தவர். ஒரு ஆளின் வாழ்க்கை என்றால் சுலபம் என்று நினைத்துத்தான் எடுத்தேன். பிறந்தார், படித்தார், போரிட்டார், ஜெயித்தார், இறந்தார். அறுபது பக்கம் தானாக வந்துவிடும் என்பது கணக்கு. இப்போது இதே கணக்கோடு தலைப்பு தேடிக்கொண்டிருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதல் வரைவை கைடு மேடம் மூன்று நாள் வைத்திருந்து திருப்பித் தந்தார். முதல் பக்கத்தில் பென்சிலால் ஒரே வரி: "இது இரங்கல் செய்தி." எனக்குக் கோபம்தான் வந்தது. தேதி எதுவும் தப்பில்லை. 1924 செப்டம்பர் 7 ஹோனலுலுவில் பிறப்பு, 1959-ல் பிரதிநிதிகள் சபை, 1962 தேர்தலில் செனட், 2012 டிசம்பர் 17-ல் மறைவு. "இதுல என்ன குறை மேடம்?" என்று கேட்டேன். "நீ அந்த மனுஷன் பக்கத்துல போகவே இல்லப்பா. தூரத்துல நின்னு கும்பிட்டுட்டு வந்திருக்க" என்றார்.

அதைவிட மோசம், உள்ளே ஒரு பெரிய தப்பு இருந்தது. 1941-ல் ஹவாயின் பேர்ல் ஹார்பர் துறைமுகத்தை ஜப்பான் தாக்கிய பிறகு, 1942 பிப்ரவரி 19-ல் வந்த நிர்வாக ஆணை 9066-இன்படி ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேரை முகாம்களில் அடைத்தார்கள். பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள். இதைப் படித்திருந்தேன். இனோயே ஜப்பானிய வம்சாவளி என்பதும் தெரியும். இரண்டையும் நானே கூட்டிப் போட்டு, "முகாமிலிருந்து படைக்குச் சென்றார்" என்று எழுதிவிட்டேன். மேடம் அதைச் சுழித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. போய்ப் பார்த்தால்தான் தெரிந்தது: ஹவாயில் அப்படி மொத்தமாக யாரையும் அடைக்கவில்லை. அந்தத் தீவுகளில் மூன்றில் ஒருவருக்கு மேல் ஜப்பானிய வம்சாவளி. எல்லோரையும் அடைத்தால் தோட்டத்திலும் துறைமுகத்திலும் வேலைக்கு ஆள் கிடையாது. சமூகத் தலைவர்கள், மதகுருமார் என்று ஒரு பகுதியினரைப் பிடித்ததோடு சரி. தாக்குதல் நடந்த அன்று பதினேழு வயசுப் பையனான இனோயே, முதலுதவித் தொண்டனாகக் காயம்பட்டவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்தத் தப்பைத் திருத்தப் போனபோதுதான் எனக்கு ப்ராஜெக்டே கிடைத்தது என்று சொல்ல வேண்டும். 1943-ல் ராணுவம், ஜப்பானிய வம்சாவளியினரைப் படையில் சேர்க்க இருந்த தடையை விலக்கி, அவர்களுக்கென்று 442-ஆம் படைப்பிரிவை அமைத்தது. ஹவாயில் 1,500 பேர் கேட்டார்கள். கிட்டத்தட்ட 10,000 பேர் வந்து நின்றார்கள். பெருநிலத்தில், அதாவது தீவுகளுக்கு வெளியே உள்ள அமெரிக்காவில், 3,000 பேரை எதிர்பார்த்தார்கள். முகாம்களிலிருந்து வந்தவர்கள் சுமார் 1,200. பயிற்சி மிசிசிப்பி மாநிலத்தின் கேம்ப் ஷெல்பியில். அங்கே எதிரியைப் பார்க்கும் முன்பே இந்த இரண்டு கூட்டமும் அடித்துக்கொண்டது. ஹவாய்ப் பையன்கள் பெருநிலத்துப் பையன்களுக்கு வைத்த பட்டப்பெயர் 'கொடாங்க்'. மண்டை தரையில் மோதினால் வரும் சத்தமாம்! இவன்கள் ஏன் இப்படி முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருக்கிறான்கள் என்று ஹவாய்க்காரர்களுக்குப் புரியவில்லை. கடைசியில் அதிகாரிகள் அவர்களில் சிலரை ஆர்க்கன்சாவில் இருந்த ரோவர் முகாமுக்கு அழைத்துப் போனார்கள். இனோயேயும் போனார். ஏதோ ஜப்பானியக் குடியிருப்பு, விருந்து இருக்கும் என்று பாட்டும் கும்மாளமுமாகப் போனவர்கள், முள்வேலியையும் காவல் கோபுரத்தையும் பார்த்தார்கள். திரும்பும்போது வண்டியில் யாரும் பேசவில்லை. அந்த வேலிக்குள்ளிருந்து கூப்பிட்டிருந்தால் நான் போயிருப்பேனா என்று இனோயே கடைசிவரை பொதுமேடைகளில் கேட்டுக்கொண்டே இருந்தார். 'முகாமிலிருந்து சென்றார்' என்ற என் வரி அப்படியே நின்றிருந்தால் இந்தக் கேள்விக்கே அங்கே இடமில்லை.

அடுத்தது கை. இதில்தான் நிறையப் பேர் சறுக்குவார்கள், ஏனென்றால் கதை அவ்வளவு நன்றாக இருக்கிறது. 1945 ஏப்ரல் 21, இத்தாலியில் சான் டெரென்சோ அருகே ஒரு மலைமுகடு. பதக்கச் சான்றுரையை எடுத்தால், இயந்திரத் துப்பாக்கிக்கு ஐந்து கஜம் வரை ஊர்ந்து போய் இரண்டு குண்டு வீசினார், இன்னொரு நிலையையும் அடக்கினார், வெடித்த குண்டு ஒன்று வலது கையைச் சிதைத்தது, அப்படியும் பின்னால் போக மறுத்துப் படையை நடத்தினார் என்று இருக்கும். 1967-ல் வந்த அவருடைய தன்வரலாற்றில் வேறு ஒன்று இருக்கிறது. கையெறி குண்டின் பின்னைப் பிடுங்கிவிட்டு வீச ஓங்கிய நேரத்தில் எதிரியின் குண்டு முழங்கையில் படுகிறது. கை தொங்குகிறது, ஆனால் விரல்கள் அந்தக் கையெறி குண்டைப் பிடித்தபடியே இருக்கின்றன. உதவிக்கு ஓடிவரும் தன் ஆட்களைக் கிட்டே வராதே என்று கத்துகிறார். இடது கையால் அந்த விரல்களிலிருந்து குண்டைப் பிரித்தெடுத்து வீசுகிறார்.

நான் முதலில் இரண்டையும் கலந்து ஒரே பத்தியாக எழுதியிருந்தேன். அப்படிச் செய்யாதீர்கள். சான்றுரை மேலதிகாரிகள் பதக்கத்துக்காக எழுதியது. அதற்கு வேண்டியது செயல். தன்வரலாறு இருபது வருஷம் கழித்து, தேர்தலில் நிற்கும் மனிதர் எழுதியது. அதில் உடம்பு இருக்கிறது, பயம் இருக்கிறது. எது யார் சொன்னது என்று பிரித்து எழுதினாலே அத்தியாயம் நிமிர்ந்து நிற்கும். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கேட்டால் பதிலும் கையில் இருக்கும்.

மருத்துவமனைக் காலத்தை முக்கால் பக்கத்தில் முடித்திருந்தேன். மேடம் ஒத்துக்கொள்ளவில்லை. அங்கே ஒரு நர்ஸ் கதை வரும். சிகரெட் கேட்டவரிடம் பாக்கெட்டைப் போட்டுவிட்டுப் போய்விடுகிறார். இவர் ஒற்றைக் கையோடு பாக்கெட்டைப் பிரிக்க முடியாமல், தீக்குச்சி கிழிக்க முடியாமல் திணறுகிறார். அப்புறம்தான் நர்ஸ் வந்து ஒரு கையால் எப்படிச் செய்வது என்று காட்டுகிறார். எனக்கு இது பெரிதாகப் படவில்லை. ஒரு ராத்திரி வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு தீப்பெட்டியை எடுத்தேன். பெட்டியைத் திறக்கும்போதே குச்சி எல்லாம் தரையில். பெட்டியை முழங்காலில் இடுக்கிக்கொண்டு கிழித்துப் பார்த்தேன், பெட்டி வழுக்கி ஓடியது. ஏழாவது குச்சி பற்றியது, உடனே அணைந்தது. அம்மா எட்டிப் பார்த்து, "படிக்கிறேன்னு சொல்லிட்டு என்னடா பண்ற?" என்றார். படித்துக்கொண்டுதான் இருந்தேன். இனோயே போருக்கு முன் ஆசைப்பட்டது அறுவை மருத்துவராக. அந்த ஆசை எப்படிப் போயிருக்கும் என்று அந்தக் குச்சிகளைப் பொறுக்கும்போதுதான் உறைத்தது.

மிச்சிகனில் பேட்டில் கிரீக் ஊரிலிருந்த ராணுவ மருத்துவமனையில் அவருக்கு, பின்னாளில் தானும் செனட்டரான பாப் டோல் பழக்கம். டோலும் இத்தாலியில், இவருக்கு ஒரு வாரம் முன்பு அடிபட்டவர். சட்டம் படித்து, மாநில சபைக்குப் போய், அப்புறம் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) என்று டோல் ஒரு திட்டம் வைத்திருந்தார். அதைக் கேட்டு அதே வழியில் போன இனோயே 1959-லேயே வாஷிங்டன் சேர்ந்துவிட்டார்; டோல் வந்தது 1961-ல். இருவரும் எதிரெதிர்க் கட்சி. 2012-ல் இனோயேயின் பெட்டி நாடாளுமன்ற மண்டபத்தில் இருந்தபோது, 89 வயது டோல் சக்கர நாற்காலியிலிருந்து எழுந்து, ஒருவர் தாங்கிப் பிடிக்க நடந்து வந்து இடது கையால் வணங்கினார். அவருடைய வலது கையும் போரில் செயலிழந்ததுதான்.

செனட் வாழ்க்கையைப் பட்டியல் போட்டு நிரப்பாதீர்கள், ஐம்பது வருஷம் தீராது. நான் அதிபர் நிக்சனைப் பதவி விலக வைத்த வாட்டர்கேட் ஊழலின் விசாரணைக் குழு (1973), ஈரானுக்கு ரகசியமாக ஆயுதம் விற்ற ஈரான்-கான்ட்ரா விவகாரத்தை விசாரித்த குழுவின் தலைமை (1987), முகாமில் இருந்தவர்களில் உயிரோடிருப்போருக்குத் தலா 20,000 டாலர் தந்த 1988 சட்டம், இவ்வளவோடு நிறுத்திக்கொண்டேன். குறையையும் எழுதச் சொன்னார் மேடம். மத்திய நிதியை ஹவாய்க்கு வாரிக்கொண்டு போகிறார் என்று அவரைத் திட்டியவர்கள் நிறைய. 2009-லிருந்து நிதி ஒதுக்கீட்டுக் குழுவுக்கே அவர்தான் தலைவர். அவர் அதற்கு வெட்கப்படவும் இல்லை. இந்த ஒரு பக்கம் சேர்ந்த பிறகுதான் ப்ராஜெக்ட் அர்ச்சனை மாதிரி இல்லாமல் போனது.

வைவாவுக்கு வெளியிலிருந்து வந்தவர் பைண்டிங்கைப் புரட்டிக்கொண்டே, "பதவியேற்கும்போது எந்தக் கையைத் தூக்கினார்?" என்று ஆரம்பித்தார். இடது கை. "உயர்ந்த பதக்கம் ஏன் 2000-ல வந்தது?" இதற்கும் தயாராக இருந்தேன். போரை ஒட்டிய காலத்தில் 442-இல் ஒரே ஒருவருக்குத்தான் மெடல் ஆஃப் ஹானர், அதுவும் இறந்த பிறகு. மற்றவர்களுக்கு அடுத்த படியோடு நின்றது. ஹவாயின் இன்னொரு செனட்டர் டேனியல் அகாகா 1996-ல் கொண்டுவந்த சட்டத்தால் பழைய கோப்புகளைத் திரும்பப் பார்த்தார்கள். 2000 ஜூன் 21-ல் 22 பேருக்கு வந்தது, இனோயே அதில் ஒருவர். தேர்வாளர் தலையாட்டினார். "சரி, 1962-ல யாரைத் தோற்கடிச்சு செனட்டுக்குப் போனார்?"

எனக்கு வாய் வரவில்லை. மதிப்பெண் குறையவில்லை, ஆனால் வீட்டுக்கு வந்ததும் முதலில் தேடியது அதைத்தான். பென் டில்லிங்ஹாம். ஓவாஹு தீவில் கரும்பு ஏற்றும் ரயில் பாதை போட்டவரின் பேரன், ஹவாயின் பெரும் பணக்காரக் குடும்பம். இனோயேயின் தாத்தா 1899-ல் ஜப்பானிலிருந்து குடும்பக் கடனை அடைக்கக் கவாய்த் தீவின் கரும்புத் தோட்டத்துக்குக் கூலியாக வந்தவர். என் ப்ராஜெக்டில் அந்தத் தாத்தா நாலாம் பக்கத்தில் இருந்தார். டில்லிங்ஹாம் 38-ஆம் பக்கத்தில், பெயர்கூட இல்லாமல், 'குடியரசுக் கட்சி வேட்பாளர்' என்று இருந்தார்.